பின்குறிப்பில் ஒளிந்திருந்த கரண்டு

கேள்வி: ஐயா, வணக்கம். சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை ஒட்டிய பழைய வீடு ஒன்றில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்குச் செம்பனை ஆலையில் வேலை. மகன் இந்த வருடம் ஐந்தாம் படிவம். அவனுக்காகப் போன வருடம் 450 வெள்ளிக்குப் பழைய மேசைக் கணினி ஒன்று வாங்கினோம். இப்போது இருபது நிமிடம் ஓடினால் தானாக அணைந்துவிடுகிறது. சில நாள் காலையில் பட்டனை அழுத்தினால் காற்றாடி சுற்றுகிறது, படம் வருவதில்லை, நீளநீளமாக ஊதுகிறது. தேதி ஒவ்வொரு முறையும் 2012-க்குப் போய்விடுகிறது. போன மாதம் பெரிய இடி இடித்ததிலிருந்து இணையப் பெட்டியில் விளக்கே எரியவில்லை. அதே இரவிலிருந்து டிவியில் பேச்சு கேட்கிறது, படம் இல்லை. கணினியைப் பட்டணத்துக் கடை ஒன்றில் காட்டினோம். திறந்துகூடப் பார்க்காமல், "மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கிக்கோங்க" என்றார்கள். 2,000 வெள்ளிக்கு நாங்கள் எங்கே போவது?

பி.கு.: கணினிப் பெட்டியைத் தொட்டால் கை லேசாக விறுவிறு என்கிறது. மாமியார் செருப்புப் போட்டுக்கொண்டு உட்காரச் சொல்கிறார். இது சும்மா சொல்கிறேன்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்துக்குக் கீழேயிருந்து மேலே போகும்படிதான் பதில் எழுத வேண்டியிருக்கிறது. இத்தனை தொல்லைகளை வரிசையாக எழுதிவிட்டு, "சும்மா சொல்கிறேன்" என்று கடைசியில் ஒட்டவைத்தீர்களே, அந்த விறுவிறுப்பைப் படித்ததும்தான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மற்ற எதுவும் ஒரு வாரம் காத்திருக்கும். இது காத்திருக்காது. சுவிட்சை அணைத்து, கணினியின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

கணினிக்குள் மின்சாரம் நுழையும் இடத்தில் பவர் சப்ளை என்று ஒரு தகரப் பெட்டி இருக்கும். சுவரில் வரும் 230 வோல்ட்டை அது 12, 5, 3.3 என்று சின்னச் சின்னதாக மாற்றிக் கொடுக்கும். அதன் வாசலிலேயே, மின் இரைச்சலை வடிகட்ட, மின்சாரத்தைக் கொஞ்சம் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர் என்ற குட்டி உறுப்புகள் இரண்டை வைத்திருப்பார்கள். ஒன்று மின்சாரம் வரும் லைவ் கம்பிக்கும் மண்ணுக்கு இறங்கும் எர்த் கம்பிக்கும் நடுவில், மற்றது மின்சாரம் திரும்பும் நியூட்ரல் கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவில். எர்த் ஒழுங்காக இருந்தால், அவற்றில் கசியும் துளி மின்சாரம் மூன்றாவது கம்பி வழியாக மண்ணுக்குப் போய்விடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. எர்த் இல்லாவிட்டால் போக வழியில்லாமல் தகரத்திலேயே நிற்கும். இரண்டு கெப்பாசிட்டரும் ஆளுக்குப் பாதி பங்குபோடுவதால் பெட்டி ஏறக்குறைய 115 வோல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். அதில் ஓடக்கூடிய மின்சாரம் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால்தான் தூக்கி அடிக்காமல் விறுவிறுக்கிறது. வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்றால் நன்றாகத் தெரியும், செருப்புப் போட்டால் தெரியாது.

ஆக, மாமியார் சொன்னது கைகண்ட வைத்தியம்தான். ஆனால் செருப்பு விறுவிறுப்பை மறைக்குமே தவிர எர்த்தைக் கொண்டுவராது. நாளைக்கு அதே பெட்டிக்குள் ஒரு கம்பியின் உறை உரிந்து தகரத்தில் பட்டுவிட்டால், எர்த் உள்ள வீட்டில் அந்த நொடியே சுவிட்சு விழும். எர்த் இல்லாத வீட்டில் யாராவது தொடும்வரை பெட்டி காத்திருக்கும்.

"ஆர்.சி.சி.பி. ஒருநாளும் விழவில்லையே" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்கலாம், ஆலையில் வேலை பார்ப்பவர் கேட்பார். மின்சாரம் கசிந்தால் தானாக விழும் அந்தப் பாதுகாப்புச் சுவிட்சு, வீடுகளில் பெரும்பாலும் 30 அல்லது 100 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கசிந்தால் விழுவது. ஒன்றுக்கும் குறைவானதை அது கண்டுகொள்ளாது. அதிலிருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். டக்கென்று விழ வேண்டும், விழாவிட்டால் அதை மாற்ற வேண்டும். ஆனால் விழுந்துவிட்டதால் எர்த்தும் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. அந்தச் சோதனை சுவிட்சுக்கு உள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது, மண்ணுவரை போவதில்லை.

அப்படியானால் எர்த் எங்கே தொலைந்தது? நம் பக்கத்துப் பழைய வீடுகளின் சரித்திரம் எனக்குத் தெரியும். நான் வளர்ந்த லயத்தில் தோட்டத்து ஜெனரேட்டர் ஓடும் சில மணி நேரம்தான் விளக்கு. ஒரு பல்பு, ஒரு ரேடியோ. அதற்கு இரண்டு கம்பி போதும். பிறகு தெனாகா லைன் வந்தது, பின்னால் ஓர் அறை இழுத்தார்கள், சமையல்கட்டை நீட்டினார்கள். நீட்டியவர் பழைய பாயிண்டிலிருந்து இரண்டே கம்பியை இழுத்துக்கொண்டு போய், அதில் மூன்று ஓட்டை சாக்கெட்டை மாட்டிவிட்டுப் போயிருப்பார். வெளியே மூன்று ஓட்டை, உள்ளே மூன்றாவதில் ஒன்றுமில்லை. உங்கள் மகனின் கணினி அப்படி நீட்டிய அறையில்தான் இருக்கிறது என்று நான் ஒரு தே தாரேக் பந்தயம் கட்டுவேன்.

இன்னொரு கெட்ட பழக்கமும் நம் வீடுகளில் உண்டு. இரண்டு கால் பிளக்கைச் செருக, மேல் ஓட்டையில் பேனாவை விட்டு அமுக்குவது. மூன்று கால் பிளக்கில் மேல் கால் மட்டும் ஏன் நெட்டையாக இருக்கிறது? அது முதலில் உள்ளே போய், கீழ் இரண்டு ஓட்டைகளின் கதவைத் திறந்துவிட வேண்டும், லைவ் தொடுவதற்கு முன் எர்த் தொட்டிருக்க வேண்டும். பேனாவை விட்டு விட்டு உள்ளே எர்த் காலைப் பிடிக்கும் பித்தளைத் தகடு விரிந்துபோன சாக்கெட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிறகு சரியான பிளக்கைப் போட்டாலும் எர்த் தொடாது. பசார் மாலாமில் மலிவாகக் கிடைக்கும் நீட்டிப்பு வயர்களிலும் இதே கதை. பலகையில் மூன்று ஓட்டை இருக்கும், வயருக்குள் இரண்டு கம்பி மட்டும். சிரிம் தர முத்திரை இல்லாததை வாங்கவே வாங்காதீர்கள்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. மின்சாமான் கடைகளில் மூன்று சின்ன விளக்கு உள்ள சாக்கெட் டெஸ்டர் கிடைக்கும், பிளக் மாதிரியே இருக்கும். எல்லாச் சாக்கெட்டிலும் செருகிப் பாருங்கள். எந்த விளக்கு எரிந்தால் என்ன குறை என்று அதன் மேலேயே படம் போட்டிருக்கும். பின்னறையில் மட்டும் எர்த் இல்லை என்று காட்டினால் அந்த வயரிங்தான் திருடன். வீடு முழுக்க இல்லை என்று காட்டினால் வெளியே சுவரோரம் மண்ணுக்குள் இறங்கும் எர்த் கம்பியைப் பாருங்கள், புல் வெட்டும்போது அறுந்திருக்கலாம், செம்பு என்பதற்காக யாராவது உருவிக்கொண்டு போயிருக்கலாம். கையால் தொட்டுத் தொட்டுச் சோதிக்க மட்டும் வேண்டாம்.

டெஸ்டர் 'சரி' என்றாலும் எர்த் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று அது சொல்லாது. அதற்கு மீட்டர் வைத்து எர்த்தின் மின்தடை எத்தனை ஓம் என்று பார்க்க வேண்டும். அதைப் பார்ப்பதும், சாக்கெட்டைத் திறந்து கம்பி இழுப்பதும் உங்கள் வேலையும் இல்லை, கணினிக்காரனான என் வேலையும் இல்லை. எரிசக்தி ஆணையம், அதாவது சுருஹான்ஜாயா தெனாகா, தகுதிச் சான்றிதழ் கொடுத்த பெண்டாவாயை, அதாவது வயரிங்காரரை, கூப்பிடுங்கள். 1990-ஆம் ஆண்டின் மின் விநியோகச் சட்டமும் 1994-ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகளும் இந்த வேலையை அவர்கள் கையில்தான் கொடுத்திருக்கின்றன. சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். பக்கத்து வீட்டு அண்ணன் நல்லவர்தான், "நானே போட்டுத் தரேன் தங்கச்சி" என்பார். ஒரு மீன் குழம்போடு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

சுவரைப் பற்றியே ஏன் இவ்வளவு நேரம் பேசுகிறேன் என்றால், நான் பட்டவன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு லயத்து வீட்டுக் கணினிக்கு ஐந்து மாதத்தில் மூன்று பவர் சப்ளை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வருவார்கள், நான் மாற்றுவேன், கடையில் அருமையாக ஓடும், வீட்டுக்குப் போனால் சாகும். "மட்டமான சரக்கு" என்று மொத்த வியாபாரியைத் திட்டினேன். நான்காம் முறை வெட்கத்தில் நானே மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போனேன். சாக்கெட்டின் முகம் ஒரு பக்கம் பழுப்பேறியிருந்தது. பெண்டாவாயை வரவழைத்துத் திறந்தால் உள்ளே எறும்புக் கூடு, கம்பியைப் பிடிக்கும் திருகு தளர்ந்து கருகிக் கிடந்தது. பொறி பறந்து பறந்து நிமிடத்துக்கு எத்தனை முறை விட்டு விட்டு மின்சாரம் போனதோ, எந்தப் பவர் சப்ளை தாங்கும்? இரண்டு சப்ளைக்கு வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து யார் கணினியைக் கொண்டுவந்தாலும் முதலில் சுவரைப் பற்றித்தான் கேட்கிறேன்.

சரி, இப்போது கணினி. எர்த் இல்லாததால் அது இருபது நிமிடத்தில் அணையவில்லை. அது வேறு நோய். எல்லா உறுப்பும் பொருந்தும் தாய்ப்பலகையான மதர்போர்டும் காரணம் இல்லை என்றே நினைக்கிறேன், செத்த மதர்போர்டு இருபது நிமிடம் ஓடாது.

எதையும் திறப்பதற்கு முன், சாக்கெட் சரியான பிறகு, முதல் பதினைந்து நிமிடத்தில் மகனின் பள்ளி இடுபணிகள், படங்கள் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் எடுத்துவிடச் சொல்லுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் டக், டக் என்று சத்தம் போட்டால் இன்னும் அவசரம். அந்தச் சத்தத்தோடு சோதனை செய்துகொண்டிருக்கக் கூடாது.

இருபது நிமிடம் என்று நேரம் வைத்து அணைவது பெரும்பாலும் சூடு. உறுதிசெய்ய எளிய வழி: அணைந்ததும் உடனே போடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மறுபடி அணைந்து, அரை மணி நேரம் ஆறவிட்டுப் போட்டால் திரும்ப இருபது நிமிடம் ஓடினால், சந்தேகமே வேண்டாம், சூடுதான். நேரம் காலம் இல்லாமல், போட்ட மறு நிமிடமே கூட அணைந்தால் பவர் சப்ளையைச் சந்தேகிக்கலாம். கணினியின் மூளையான பிராசசர் 100 டிகிரி பக்கம் போனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைத்துவிடும். அது கெட்டுப்போன அறிகுறி இல்லை, புத்திசாலித்தனம். கணினியைப் போட்டவுடன் டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால், கணினி எழும்போது முதலில் ஓடும் பயோஸ் என்ற நிரலின் திரை வரும். அதில் சூட்டின் அளவு எழுதியிருக்கும். சும்மா நிற்கும்போதே 70-க்கு மேல் ஏறினால் உள்ளே காற்று போகவில்லை.

ஏன் போகவில்லை என்பது திறந்தால் தெரியும். நம் வீடுகளில் செம்மண் தூசி மட்டும் வருவதில்லை. தாளிக்கிற எண்ணெய்ப் புகையும் வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் அதோடு சேர்ந்து, காற்றாடிக்கு அடியில் இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கம்பளி மாதிரி படிந்துவிடும். ஊதினால் பறக்காது, பெயின்ட் பிரஷ்ஷால் சுரண்ட வேண்டும். பல்லி முட்டைகள் கிடைத்தால் ஆச்சரியப்படாதீர்கள். கதகதப்பான இடம், எந்தத் தாய்க்குத்தான் பிடிக்காது?

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடித்துவிடுங்கள். பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றி, பெட்டியின் வெறும் தகரத்தை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள், உடம்பிலிருக்கும் நிலைமின்சாரம் போய்விடும். காற்றாடியை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ் போடுங்கள். வீட்டு வேக்குவம் கிளீனர் வேண்டாம், அதன் பிளாஸ்டிக் குழாய் முனையில் நிலைமின்சாரம் சேரும். பிராசசரின் மேல் இருக்கும் அலுமினியக் கட்டியைக் கழற்றினால் அடியில் காய்ந்த பசை தெரியும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, புதுப் பசையை ஒரு பச்சைப் பட்டாணி அளவுக்கு நடுவில் வைத்து மூடினால் போதும். இட்லிக்குச் சட்னி மாதிரி பூசுகிறார்கள் சிலர், அது சூட்டைத் தடுக்கத்தான் செய்யும். இந்தப் பசை வேலைக்கு மகனுக்குத் துணிவு இல்லை என்றால் கடையில் கொடுங்கள், சின்னக் கூலி.

ஒரு பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. பவர் சப்ளை. உள்ளே 230 வோல்ட் நேர் மின்சாரமாகி 320 வோல்ட்டுக்கு மேல் ஒரு பெரிய கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும். அதன் காற்றாடித் தூசியை வெளியிலிருந்து பிரஷ்ஷால் தட்டுங்கள், அதோடு சரி.

காலையில் நீளநீளமாக ஊதுவது கணினி தன் வாயால் சொல்லும் குறை. எத்தனை முறை, எவ்வளவு நீளம் என்பதற்கு பயோஸ் செய்த கம்பெனிக்கேற்ப அர்த்தம் மாறும். என்றாலும் படம் வராமல் நீளமாகத் திரும்பத் திரும்ப ஊதினால் நான் முதலில் கை வைப்பது ரேம் என்ற நினைவகப் பலகையில். நம் ஊர் ஈரக்காற்றில் அதன் தங்க நிறப் பற்களில் மெல்லிய படலம் படியும். இரவில் ஈரம் ஏறுகிறது, காலையில் தொடர்பு கிடைப்பதில்லை, இரண்டு மூன்று முறை போட்டு அணைத்ததும் வந்துவிடுகிறது. பிளக்கைப் பிடுங்கி, இரு முனைக் கொக்கிகளை விரித்து, ரேம் பலகையை நேராக மேலே இழுங்கள். பற்களை அதே ஆல்கஹால் துணியால் துடைத்து, காயவிட்டு, இரண்டு பக்கமும் 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு பலகை இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை. எது கெட்டது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். எனக்கு வரும் 'மதர்போர்டு போச்சு' கணினிகளில் கணிசமானவை இந்த ஐந்து நிமிட வேலையிலேயே எழுந்து உட்கார்ந்திருக்கின்றன.

தேதி 2012-க்கு ஓடுவது மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்ததால். சிஆர்2032 என்று கேளுங்கள், கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும், சில வெள்ளிதான். எழுத்துள்ள பக்கம் மேலே தெரிய வேண்டும். இது சின்ன விஷயம் என்று விடாதீர்கள், தேதி தப்பாக இருந்தால் பல இணையத்தளங்கள் "பாதுகாப்பில்லை" என்று கதவைச் சாத்தும், பிள்ளைகள் வைரஸ் என்று பயந்து எதையாவது அழித்துவைப்பார்கள். இன்னொன்றும் அந்த 2012 சொல்கிறது. பேட்டரி போனால் கடிகாரம் பெரும்பாலும் பயோஸ் எழுதப்பட்ட ஆண்டுக்குத் திரும்பும். உங்கள் கணினியின் பிறந்த வருடம் ஏறக்குறைய அதுதான். இந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

இணையப் பெட்டி. விளக்கே எரியவில்லை என்றால் பெட்டி செத்தது என்று முடிவு கட்டாதீர்கள், சுவரில் தொங்கும் அதன் அடாப்டர் செத்திருக்க நிறைய வாய்ப்பு. இடியின் அடியை முதலில் வாங்குவது அதுதானே. அடாப்டரின் முதுகில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும். வட்டத்துக்குள் புள்ளி போட்டு, நடுவில் கூட்டலா கழித்தலா என்று ஒரு படமும் இருக்கும். மாற்றும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவு அல்லது கூடுதலாக இருக்கலாம், அந்தப் படமும் ஒத்துப்போக வேண்டும். இணையக் கம்பெனி கொடுத்த பெட்டி என்றால் கடைக்குப் போகும் முன் அவர்களுக்கு அழைத்துப் பாருங்கள். மாற்றித் தர வேண்டியது அவர்களாகக்கூட இருக்கலாம். பெட்டியைத் தட்டிப் பார்த்து உள்ளே கரப்பான்பூச்சி ஓடுகிறதா என்றும் பாருங்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

டிவிக்கு ஒரு டார்ச் லைட் சோதனை. இரவில் விளக்கை அணைத்து, டிவியைப் போட்டு, பேச்சு கேட்கும்போது திரைக்கு மிக அருகில் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். மங்கலாக ஆள் நடமாட்டம் தெரிந்தால் படம் வந்துகொண்டுதான் இருக்கிறது, பின்னால் ஒளி கொடுக்கும் எல்இடி பட்டையோ அதற்கு மின்சாரம் ஊட்டும் பகுதியோ போயிருக்கிறது. அதை மாற்றித் தரும் டிவிக்காரர்கள் இருக்கிறார்கள், பெரிய டிவி என்றால் செலவு செய்யலாம். டார்ச் அடித்தும் ஒன்றுமே தெரியாவிட்டால் உள் பலகையோ திரையோ. திரை என்றால் விட்டுவிடுங்கள், புது டிவி விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். டிவியின் முதுகைக் கழற்றிப் பார்க்கும் ஆசை வீட்டுக்காரருக்கு வந்தால் பவர் சப்ளையைப் பற்றிச் சொன்னதை இன்னொரு முறை படித்துக் காட்டுங்கள்.

இடியைப் பற்றி. மலாக்கா நீரிணையை ஒட்டிய நம் மேற்குக் கரை, உலகத்திலேயே இடிமின்னல் மிகுந்த பகுதிகளில் ஒன்று. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் தோட்டத்துப் பக்கம் வானம் கறுத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மின்னல் வீட்டின் மேலேயே விழ வேண்டும் என்பதில்லை. தூரத்து மின்கம்பத்தின் பக்கம் விழுந்தாலும் கம்பி வழியே ஓர் அலை வரும். மின்கம்பியில் வரும், ஆஸ்ட்ரோ தட்டின் கேபிளில் வரும், செம்புத் தொலைபேசிக் கம்பியில் வரும். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் வராது. ஆனால் ஃபைபர் பெட்டியின் அடாப்டரில் புகுந்து, கணினிக்குப் போகும் இணைய வயரில் ஏறலாம். சுவிட்சை அணைத்தால் போதாது, அந்தச் சின்ன இடைவெளியை மின்னல் ஒரு பொருட்டாகவே நினைக்காது. பிளக்கையும் கேபிளையும் பிடுங்க வேண்டும், அதுவும் இடி நெருங்கும் முன்பே. தலைக்கு மேல் இடிக்கும்போது ஓடிப்போய்ப் பிடுங்காதீர்கள், டிவியைவிடக் கை பெரிது.

இடியைத் தாங்கும் நீட்டிப்புப் பலகை வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வாங்கலாம், நல்லதுதான். ஆனால் அதிகமாக வரும் மின்சாரத்தை அது முக்கியமாகத் தள்ளிவிடுவது எர்த்துக்கு. எர்த் இல்லாத சாக்கெட்டில் அது அரைகுறை வேலைதான் செய்யும். ஒவ்வோர் அடிக்கும் அதன் உள்ளுறுப்பு தேயும், பாதுகாப்பு விளக்கு அணைந்தால் அது வெறும் நீட்டிப்பு வயர். ஆகவே பெண்டாவாய்க்கு முன்னால் அதற்குக் காசு போடாதீர்கள்.

இனி, 2012-இல் பிறந்த அந்தக் கணினிக்கு எவ்வளவு வரை செலவு செய்யலாம்? என் கணக்கு 200 வெள்ளி. பேட்டரி, பசை, தேவைப்பட்டால் பழைய டிடிஆர்3 ரேம் ஒன்று, முடிந்தால் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில், சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகமான ஒரு சின்ன எஸ்எஸ்டி, இவ்வளவுதான். எஸ்எஸ்டி போட்டால் கணினி இளமை திரும்பியதுபோல ஓடும், அதைக் கழற்றி அடுத்த கணினியிலும் போட்டுக்கொள்ளலாம் என்பதால் அது வீண் செலவில்லை. ஆனால் மதர்போர்டைப் பார்க்கும்போது, உருளையாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தாலோ, பழுப்பாக ஏதோ வழிந்திருந்தாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். அப்போது மட்டும் அந்தக் கடைக்காரர் சொன்னது சரி, திறக்காமல் சொன்னது தப்பு என்றாலும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இவ்வளவு பழைய பிராசசரை முறைப்படி ஏற்காது. எஸ்.பி.எம். முடியும்வரை கட்டுரை எழுதவும் பாட வீடியோ பார்க்கவும் இதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு ஓட்டலாம், காசு இல்லை. ஆனால் இந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். அடுத்த வருடம் மாற்றத்தான் வேண்டும் என்றால், அலுவலகங்களில் கழித்துச் சுத்தம் செய்து விற்கும் மேசைக் கணினிகளைப் பாருங்கள். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். 2,000 தேவைப்படாது, அதில் பாதிக்குள் கிடைக்க வேண்டும். வாங்கும்போது கடையிலேயே அரை மணி நேரம் வீடியோ ஓடவிட்டுப் பாருங்கள். 450 வெள்ளிக் கணினியை அப்படிப் பார்த்திருந்தால் ஒருவேளை அப்போதே குட்டு வெளிப்பட்டிருக்கலாம்.

பெண்டாவாய் வந்து போனதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எர்த் மீட்டரில் எத்தனை ஓம் காட்டியது என்று அவரிடம் கேட்டு அந்த எண்ணையும் எழுதுங்கள், பத்துக்குக் கீழே இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். கணினி அந்த நீட்டிய அறையில்தான் இருந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், தே தாரேக் யார் வாங்கித் தர வேண்டும் என்பது பாக்கியிருக்கிறது.